ஒன்பதாம் திகதி மட்டை

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கணவர் கட்டாரில் வேலை. நாங்கள் கல்லடியில், என் அம்மா எனக்குத் தந்த வீட்டில் இருக்கிறோம். போன நத்தாருக்குப் பிள்ளைகளுக்காகத் திருவருகைக்கால கலண்டர் ஒன்று செய்தேன். டிசம்பர் 1 முதல் 24 வரை 24 உறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அன்றைக்குச் செய்ய வேண்டிய சின்ன வேலை எழுதிய மட்டை. பிள்ளைகள் படுத்த பிறகு இரவிரவாக இருந்து வெட்டி ஒட்டினேன். முதல் கிழமை ஆசையாகச் செய்தார்கள். அப்புறம் மகள், “இன்றைக்கும் இருக்கா அம்மா?” என்று சலிக்கத் தொடங்கிவிட்டாள். மழை வேறு எல்லாவற்றையும் குழப்பியது. 9ஆம் திகதிக்கு ‘அப்பம்மாவைப் பார்க்கப் போதல்’ என்று எழுதியிருந்தேன். அவர் தாண்டவன்வெளியில் தனியாக இருக்கிறார், மச்சாள் கனடாவுக்குப் போய்விட்டார். அன்று ஒரே மழை. மகளை அரசடியில் டியூஷனுக்கு விட்டு, ரெயின்கோட்டோடு வாசலில் நின்று கூட்டி வரவே போதும் என்றாகிவிட்டது. அதனால் அந்த மட்டையை எடுத்துவிட்டு, ‘பஞ்சில் பனிமனிதன் செய்தல்’ என்று வேறொன்றை வைத்தேன். 17ஆம் திகதியோடு கலண்டர் நின்றே போனது. இந்த முறை கடைசிவரை கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் சலிக்காத, செலவில்லாத 24 வேலைகள் சொல்வீர்களா?

கல்லடியிலிருந்து ஒரு தாய்

பதில்: மகளே, 17ஆம் திகதி கலண்டர் நின்றுபோனது என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அது 9ஆம் திகதியே நின்றுவிட்டது. ஒரு மனுஷியின் பெயர் இருந்த மட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஞ்சுப் பொம்மையை வைத்தீர்களே, அன்றைக்கு.

மழை என்கிறீர்கள். மட்டக்களப்பில் டிசம்பரில் மழை பெய்யாமல் வேறு எப்போது பெய்யும்? அந்த மழையை நம்பித்தானே இந்த மாவட்டத்தில் பெரும்போகம் விதைக்கிறார்கள். அதே மழையில்தான் மகளை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறீர்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருக்கிறீர்கள். அரசடியில் நின்றிருக்கிறீர்கள். அங்கிருந்து தாண்டவன்வெளி எவ்வளவு தூரம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு முடியும்வரை ஒரு வாசலில் நனைந்துகொண்டு நின்ற அந்த நேரத்தில், மாமியின் விறாந்தையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்திருக்கலாம். அவருக்கும் ஒரு பின்னேரம் ஆள் இருந்திருக்கும். தடுத்தது மழை இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான், வயதான தாயை மகள் பார்ப்பாள். நல்ல ஒழுங்கு அது. ஒரு பெண் தன் சொந்தப் படலைக்குள் தலைநிமிர்ந்து வாழ வழி செய்த ஒழுங்கு. ஆனால் மகள் கனடாவுக்கும் மகன் கட்டாருக்கும் போய்விட்டால், அந்தத் தாய் யாருடைய கணக்கிலும் இல்லாமல் விடுபட்டுப் போகிறார். எனக்கு வருகிற கடிதங்களில் இப்படியான வீடுகள் நிறைய. “அவ என் பொறுப்பில்லை” என்று ஒருவரும் எழுதுவதில்லை. மழை என்பார்கள், பிள்ளைகளுக்கு வகுப்பு என்பார்கள், அடுத்த கிழமை என்பார்கள். மாமி உங்களைப் பெறவில்லை, உங்களுக்கு வீடு தரவில்லை, சரி. உங்கள் பிள்ளைகளுக்கு அவர் அப்பம்மா. வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து அந்த உறவு கூடிக் குறையாது. மகன் பக்கத்தில் இல்லாதபோது மகனுடைய கடமையில் ஒரு பங்கு மருமகளுக்கு வருகிறது. இது பாரமாகத் தெரிந்தாலும் நான் இதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

மட்டையை மாற்றியது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள். மழை வந்தாலும் டியூஷன் உண்டு என்பது உங்கள் மகளுக்குத் தெரியும். அப்பம்மா வீட்டுக்குப் போய்க் கனநாள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வயதுதான் ஒன்பது.

இந்தக் கலண்டர் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் ஹம்பர்க் நகரில் யோஹான் விஹெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். டிசம்பர் வந்தால் பிள்ளைகள் நாளுக்கு நாள், “நத்தார் வந்துவிட்டதா, இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டபடி இருப்பார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் மெழுகுதிரிகளை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி நான்கு, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகள். நாளுக்கு ஒன்றாகக் கொளுத்தினார்கள். இன்று கோவில்களில் நாம் வைக்கிற திருவருகைக்கால வளையம் அதிலிருந்து வந்தது. பிறகு மியூனிக்கில் கெர்ஹார்ட் லாங் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கலண்டரை அச்சடித்து விற்றார். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தாய் ஒரு மட்டையில் 24 இனிப்புகளை வைத்துக் கொடுத்த நினைவில் செய்தது அது. இரண்டிலும் பிள்ளைக்கு நத்தார் வரும்வரை பொறுக்க முடியவில்லை, பெரியவர் அதற்கு ஒரு வழி செய்கிறார். “இன்னும் எத்தனை நாள்?” என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். “இன்றைக்கும் இருக்கா?” என்று உங்கள் மகள் கேட்டாள். நீங்கள் அவளுக்குக் கொடுத்தது இன்னொரு வீட்டுப்பாடம். பாடசாலை விடுமுறையிலும் டியூஷன், டியூஷன் முடிந்து வந்தால் உறைக்குள் ஒரு வேலை. செய்த பனிமனிதனை யாருக்குக் கொடுத்தார்கள்? ஒருவருக்கும் இல்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லாத வேலை யாருக்கும் சலிக்கும்.

24 என்ற எண்ணுக்காகவும் உயிரை விடாதீர்கள். திருவருகைக்காலம் நவம்பர் 30ஐ ஒட்டி வருகிற ஞாயிறில் தொடங்கி நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. வருடத்துக்கு வருடம் 22 நாள் முதல் 28 நாள் வரை மாறும். டிசம்பர் 1இல் தொடங்குவது அச்சடித்து விற்கிறவர்களுக்கு வசதி. ஆகவே 24 வேலைகளின் பட்டியல் நான் தரப்போவதில்லை. நான்கு ஞாயிறுக்கு நான்கு பெரிய காரியம், இடையில் கை நோகாத சின்னச் சின்ன விஷயம், கிழமையில் இரண்டு மூன்று நாளாவது உறைக்குள் ஒன்றுமே இல்லாமல் திரி கொளுத்தி ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் படுக்கிற இரவு. அவ்வளவு போதும்.

இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வேலைகளை எழுத வேண்டாம், ஆட்களை எழுதுங்கள். இந்த நத்தாருக்கு யார் யார் எங்களை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அப்பம்மா, அம்மம்மா, அப்பா, பக்கத்து வீடு, வகுப்பில் யாரோடும் சேராத ஒரு பிள்ளை. பெயர் வந்த பிறகு, அவருக்கு என்ன செய்யலாம் என்பதை அவர்களே சொல்வார்கள். மட்டையை மகள் எழுதட்டும், எழுத்துப் பிழைத்தாலும் பரவாயில்லை. மகன் படம் கீறட்டும். பிள்ளைகள் படுத்த பிறகு நீங்கள் தனியாக இருந்து வெட்டி ஒட்டுவதை விட்டுவிடுங்கள். உங்கள் நித்திரையும் போய், பிள்ளைகளுக்கும் பங்கில்லாமல் போகிறது.

கடுதாசி உறையும் வேண்டாம். மார்கழி ஈரத்தில் பசை காயாது, மட்டை சுருண்டுவிடும். பழைய உடுப்புத் துணியில் சின்னப் பைகள் தைத்து, ஒரு கயிற்றில் உடுப்புக் கிளிப்பால் கொழுவிவிட்டால் அடுத்த வருடமும் உதவும். தைக்க நேரமில்லையா, வெறும் தீப்பெட்டிகள் போதும்.

முதல் ஞாயிறு, அப்பம்மா வீடு. நத்தார் கேக்குக்குப் பிளம்ஸ், சுல்தானா, சீனிப்பாகில் போட்ட சௌ சௌ, இஞ்சிப்பாகு, கஜு எல்லாம் வெட்டி ஊறவைக்கிற வேலை எப்படியும் இருக்கிறது. அதை உங்கள் குசினியில் செய்யாமல் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள். பிளம்ஸைச் சுளகில் கொட்டி மகன் முன்னால் வையுங்கள். காம்பு பொறுக்குவான், பாதியைத் தின்பான், தின்னட்டும். மகளுக்கு ஒரு மொட்டைக் கத்தி. சௌ சௌ கத்தியில் ஒட்டும், விரலில் ஒட்டும், கொஞ்சம் மாவைப் புரட்டி வெட்டினால் உதிரியாக விழும். இதை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள், மாமி சொல்லட்டும். கஜுவை எந்த அளவுக்கு வெட்டுவது, அவர் காலத்தில் யார் வீட்டுப் போறணையில் கேக் வேகவைத்தார்கள் என்றெல்லாம் கை வேலையாக இருக்கும்போதுதான் பேச்சு வரும். “அப்பம்மாவோடு பேசு” என்று கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினால் பிள்ளை என்ன பேசும்?

பிராந்தி ஊற்றிக் குலுக்கி மூடிய போத்தலை அங்கேயே, அவருடைய அலுமாரியில் விட்டுவிட்டு வாருங்கள். நான் முக்கியமாகச் சொல்வது இதைத்தான். கிழமைக்கு ஒரு தரம் திறந்து கிளறிவிட வேண்டுமே, அதற்குப் போகத்தானே வேண்டும். பிள்ளைகளே, “அம்மா, போத்தல் கிளற வேண்டும்” என்று உங்களை இழுப்பார்கள். (வீட்டில் பிராந்தி சேர்க்காதவர்கள் கேக் போடுவதற்கு முதல்நாள் மட்டும் பழச்சாற்றில் ஊறவைக்கலாம். கிழமைக்கணக்கில் வைத்தால் பழுதாகிவிடும். அப்படியானால் வெட்டிய பழம் மட்டும் போத்தலில் காத்திருக்கட்டும்.)

வளையத்துக்குக் கடையில் பிளாஸ்டிக் வாங்காதீர்கள். கல்லடியில் இருந்துகொண்டு சவுக்குக் கிளைக்கு எங்கே போவது என்று கேட்கமாட்டீர்கள். ஊதாத் திரி மூன்று, மூன்றாம் ஞாயிறுக்கு ரோஸ் நிறத்தில் ஒன்று. ரோஸ் கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும். கொளுத்துகிற வேலை மகளுக்கு, அணைக்கிற வேலை மகனுக்கு. அதற்காகவே அவன் வந்து நிற்பான்.

பாலன் குடிலை 24ஆம் திகதி அவசரத்தில் அடுக்காமல், முதல் கிழமையிலேயே வெறும் தொட்டிலோடு வையுங்கள். பக்கத்தில் ஒரு பெட்டியில் வைக்கோல். யாருக்காவது நல்லது ஒன்று செய்த அன்று ஒரு வைக்கோல் எடுத்துத் தொட்டிலில் போடலாம், பாலன் வரும்போது மெத்தென்று இருக்க வேண்டும் அல்லவா. பழைய கத்தோலிக்க வழக்கம் இது, ஐந்து வயதுக்கு அப்படியே பிடிக்கும். யார் போட்டது, எத்தனை போட்டது என்று எண்ணாதீர்கள். எண்ணத் தொடங்கினால் அக்காவும் தம்பியும் சண்டை பிடிப்பார்கள். மூன்று ஞானிகளையும் உடனே குடிலில் நிறுத்த வேண்டாம். வீட்டின் அடுத்த கோடியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் விட்டு, நாளுக்குக் கொஞ்சமாக மகன் நகர்த்தி வரட்டும். அவர்கள் வந்து சேர்வது ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று. நத்தார் முடிந்த பிறகும் அவனுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கும்.

கரோல் பவனி அப்பம்மாவின் பகுதிக்கு எந்த இரவு வருகிறது என்று முன்கூட்டியே விசாரித்து, அன்று பிள்ளைகளை அங்கேயே படுக்க விடுங்கள். நனைந்து வருகிறவர்களுக்குப் படலை திறக்கவும், கோப்பி கொடுக்கவும், பாட்டு முடியும்வரை விறாந்தையில் நிற்கவும் அந்த வீட்டில் ஆள் வேண்டும். தனியாக இருக்கிற முதியவர்கள் பல பேர் கரோல் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள், கொடுக்க ஒன்றும் தயார் பண்ண முடியவில்லையே என்ற வெட்கத்தில்.

பலகாரத் தட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் எந்தெந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்தந்த வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் கையால். பைகளுக்குள் டொபி வைப்பதா என்றால், டிசம்பர் 6 புனித நிக்கலஸ் திருநாள், அன்றைக்கு வையுங்கள். மற்ற நாட்களில் கடமைக்குக் கூலியாக இனிப்புக் கொடுத்துப் பழக்க வேண்டாம்.

இனி மழைக்கு ஒரு சட்டம். வேலை மட்டை மாறலாம், பின்போடலாம், கிழித்தும் போடலாம். பெயர் எழுதிய மட்டை மாறாது. குடை பிடித்துப் போக வேண்டும், இல்லையென்றால் ஆட்டோ பிடிக்க வேண்டும். வெள்ளம் ஏறி வீதி மூடினால் அது வேறு கதை, பிள்ளைகளோடு வெளிக்கிடக் கூடாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியைக் கண்ட ஊர் இது. அப்படியான நாளில் நீங்கள் எடுக்கிற முதல் போன் தாண்டவன்வெளிக்குப் போக வேண்டும். கதவு யன்னல் சரியா, கூரை ஒழுகுதா, சாப்பாடு இருக்கிறதா என்று மகள் கேட்கட்டும். அதுவே அன்றைய மட்டை.

டியூஷன் விஷயத்திலும் என் எண்ணத்தை மறைக்கமாட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் டிசம்பர் விடுமுறையில் ஒரு கிழமை வகுப்பு நின்றால் புலமைப்பரிசில் கைவிட்டுப் போகாது. அப்பம்மாவோடு அவளுக்கு இன்னும் எத்தனை டிசம்பர் கிடைக்கும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. நத்தாருக்கு முந்திய கிழமை அந்த வகுப்பை நிறுத்துங்கள்.

கயிற்றில் 24க்குப் பிறகு இன்னும் ஒரு பையைக் கொழுவுங்கள், 26ஆம் திகதிக்கு. கல்லடியில் இருக்கிறவருக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. 2004இல் நத்தாருக்கு அடுத்த நாள் காலை கடல் வந்தபோது கல்லடி, நாவலடி, டச்பார், திருச்செந்தூர்ப் பக்கம் எத்தனை வீடுகள் நத்தார் அலங்காரத்தோடேயே போயின. உங்கள் மகள் அப்போது பிறக்கவில்லை. ஆண்டு நினைவு நாளில் ஒலிபெருக்கியில் கேட்பதோடு விடாமல், அதைக் கண்ட பெரியவர்கள் வாயால் கேட்கிற வயது வந்துவிட்டது. அன்று இரண்டு பாட்டிமாரையும் ஒரு வீட்டில் சேர்த்து இருத்துங்கள். அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல மகள் ஒவ்வொரு திரியாகக் கொளுத்தட்டும். பிள்ளை பயந்துவிடும் என்று ஒளிக்காதீர்கள். மடியில் இருந்து கேட்கிற பிள்ளை பயப்படாது.

கடைசியாக, உங்கள் கணவருக்கு. இதை அவருக்கு வட்ஸ்அப்பில் அப்படியே அனுப்புங்கள். தம்பி, உங்கள் தாயைப் பார்க்கிற பொறுப்பை மனைவியின் தலையில் வைத்துவிட்டு மாதக்காசு அனுப்புவதோடு முடிந்தது என்று இருக்க வேண்டாம். அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 7.30, அவர் படுத்திருக்கமாட்டார். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. பிள்ளைகள் அப்பம்மா வீட்டில் நிற்கிற நேரம் பார்த்து வீடியோ கோல் எடுங்கள். எடுத்ததும் பிள்ளைகளைக் கேட்காதீர்கள், முதலில் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.